ராத்திரியில ஸ்மார்ட் ஸ்மோக் அலாரம் சும்மா சும்மா கத்துது, அவசர உதவி!!

தூக்கம்_போச்சு:
வீட்ல துளி புகை இல்ல. நடுராத்திரி ஆனா எல்லா அலாரமும் ஒண்ணா அலறுது. போன்ல ‘புகை கண்டறியப்பட்டது’ன்னு வருது, அவ்வளவுதான். ரீசெட் பண்ணியாச்சு, ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போட்டாச்சு. எல்லாத்தையும் கழட்டி டிராயர்ல போட்டுடலாமான்னு இருக்கு. சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

கேபிள்_பூச்சி:
எந்த மாடல்? மொத்தம் எத்தனை? எங்கெங்க மாட்டியிருக்கீங்க? கரண்ட்லயா, பேட்டரிலயா? ஒண்ணுமே சொல்லாம அவசரம்னா எப்படிங்க?

பழைய_செல்:
கண்ணை மூடிக்கிட்டு பேட்டரியை மாத்துங்க. விடியக்காலைல வீடு குளிரும், பேட்டரி வோல்டேஜ் இறங்கும். அதான் எப்பவும் ராத்திரியா பாத்து கத்துது.

சர்க்யூட்_சாமி:
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுறது. தேடிப் பாக்குற பழக்கமே யாருக்கும் கிடையாது. பழைய_செல், பேட்டரி தீர்ந்தா நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு ‘கீச்’தான் வரும். அவர் சொல்றது அலறல். மூணு பீப், இடைவெளி, மறுபடி மூணு பீப்னா புகை. நாலு நாலா வந்தா அது கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாத விஷ வாயு. அப்படின்னா இங்க டைப் பண்ணிட்டு உக்காராதீங்க, எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போய் தீயணைப்புக்கு போன் போடுங்க. முதல்ல மூணா நாலான்னு சொல்லுங்க. அப்புறம் பின்பக்கம் அச்சடிச்சிருக்கிற தயாரிப்புத் தேதி. 10 வருஷம் தாண்டியிருந்தா குப்பைதான், பேசவே வேண்டாம்.

தூக்கம்_போச்சு:
மூணு மூணாத்தான் சார். மாடல் நம்பர் தெரியல, வெள்ளையா வட்டமா இருக்கும். எல்லாம் வை-ஃபைல இருக்கு.

கேபிள்_பூச்சி:
எல்லாமே வெள்ளையா வட்டமாத்தாங்க இருக்கும் 😀 ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சதுன்னா ஒண்ணு கத்தினா போதும், மத்ததும் சேர்ந்து கத்தும். முதல்ல கத்தினது எதுன்னு பிடிக்கணும். ஆப்ல ஹிஸ்டரி பாருங்க.

தூக்கம்_போச்சு:
பாத்தேன். அறை பேர் எதுவும் வைக்கல. எல்லாமே ‘டிடெக்டர்’னுதான் இருக்கு.

கேபிள்_பூச்சி:
சரி, அடுத்த தடவை கத்தும்போது ஒவ்வொண்ணா அண்ணாந்து பாருங்க. நிறைய மாடல்ல ஆரம்பிச்சு வச்சதுல மட்டும் சிவப்பு லைட் வேகமா மின்னும், மத்ததுல மின்னாது. கண்டுபிடிச்சதும் ஆப்ல அதுக்கு அறை பேரை வச்சுடுங்க.

எட்டுக்கால்:
உள்ள சிலந்தி இருக்கும், பந்தயம் கட்டுறேன். ஒளியில வேலை செய்யுற வகைன்னா உள்ள இருட்டு அறை, அதுல ஒரு குட்டி எல்இடி. அதோட வெளிச்சம் சென்சார் மேல நேரா படாது. புகை வந்தா வெளிச்சம் சிதறி சென்சார்ல விழும், உடனே கத்தும். சிலந்தி நடந்தாலும் அதே கதை, தூசி படிஞ்சாலும் அதே கதை. வாக்யூம்ல பிரஷ் முனை மாட்டி ஓரத்து ஓட்டை எல்லாத்தையும் இழுத்து விடுங்க.

பழைய_செல்:
வெளிச்சத்துக்குப் பதிலா கதிர்வீச்சை வச்சுப் புகையைப் பிடிக்கிற அயனி வகையா இருந்தா? அதுக்குள்ள அமெரிசியம் 241, கதிரியக்கப் பொருள். குழந்தை இருக்கிற வீட்ல அதையெல்லாம் வச்சுக்கவே கூடாது.

சர்க்யூட்_சாமி:
ஆரம்பிச்சாச்சா. அது ஆல்ஃபா கதிர், ஒரு தாளைத் தாண்டாது. உள்ள இருக்கிறதும் மைக்ரோகிராம் கணக்கு. பிரிச்சு மேயாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது.

பழைய_செல்:
தாளைத் தாண்டாதுன்னா நீங்க உங்க தலைமாட்டுல வச்சுக்கோங்க சாமி.

சர்க்யூட்_சாமி:
வச்சிருக்கேன். கொழுந்துவிட்டு எரியுற தீயை அதுதான் சீக்கிரம் பிடிக்கும்.

எட்டுக்கால்:
மெத்தை புகைஞ்சுக்கிட்டே இருந்தா ஒளி வகைதான் முந்தும். அயனி வகை சமையல் ஆவிக்கெல்லாம் ஊரைக் கூட்டும். ரெண்டும் சேர்ந்தது வாங்குறதுதான் புத்திசாலித்தனம்.

மொட்டைமாடி:
அவர் கேட்டது என்ன, நீங்க பேசுறது என்ன? தூக்கம்_போச்சு, குளியலறைக் கதவு, ஏசி காத்து வர்ற இடம், அடுப்பு, இதுக்கெல்லாம் பக்கத்துல ஏதாவது மாட்டியிருக்கா? அடுப்புக்கு 3 மீட்டராவது தள்ளி இருக்கணும். ராத்திரி மட்டும் ஓடுற சாமான் ஏதாவது வீட்ல உண்டா?

தூக்கம்_போச்சு:
அடுப்பு தூரம். பாப்பாவுக்கு சளி, அதனால பெட்ரூம்ல ராத்திரி ஹியூமிடிஃபையர் (காத்துல ஈரம் ஏத்துற மெஷின்) ஓடுது. அதுல வர்றது வெறும் தண்ணி ஆவிதானே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மொட்டைமாடி:
இதைத்தாங்க முதல்லயே சொல்லியிருக்கணும்! அதிர்வுல பனி மாதிரி கக்குற அல்ட்ராசோனிக் வகையா? அது ஆவி இல்ல, பொடிப்பொடி நீர்த்துளி. சென்சார் கண்ணுக்குத் துளிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாது. கதவை மூடினா ராத்திரி பூரா சேர்ந்துக்கிட்டே போகும். உப்புத் தண்ணின்னா வெள்ளைப் பொடி வேற பறந்து உள்ள படியும். இன்னைக்கு அதை நிறுத்திட்டுப் படுங்க. தேவைதான்னா அலாரத்துக்கு நேர் கீழ வைக்காம தள்ளி வச்சு, காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்துங்க. அலாரத்தை மட்டும் கழட்டி டிராயர்ல போட்டுடாதீங்க.

எட்டுக்கால்:
சிலந்தியும் இருக்கலாம்.

தூக்கம்_போச்சு:
ஹியூமிடிஃபையரை நிறுத்திட்டுப் படுத்தோம், கத்தல. அந்த அறை அலாரத்தை வாக்யூமும் பண்ணியாச்சு. சிலந்தி இல்ல, கொஞ்சம் வெள்ளைப் பொடி வந்துச்சு. நன்றி எல்லாருக்கும்.

பழைய_செல்:
பேட்டரியையும் மாத்திடுங்க, எதுக்கும்.

சர்க்யூட்_சாமி:
ஒரு ராத்திரி கத்தலைன்னா அது நிரூபணம் இல்ல. நிறுத்தினதும் அப்பதான், சுத்தம் பண்ணினதும் அப்பதான், எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? பொடியைத் துடைச்சாச்சுல்ல, இப்ப ஹியூமிடிஃபையரை மறுபடி ஓட்டிப் பாருங்க. அப்புறம் அந்த பின்பக்கத் தேதி? கேட்டு எவ்வளவு நேரமாச்சு.

சர்க்யூட்_சாமி:
ஹலோ? தேதி?