6 பேர் லைஃப்ராஃப்ட்: வருடா வருடம் சர்வீஸா, 3 வருடத்துக்கு ஒருமுறையா?

கேள்வி – கரைக்காற்று

38 அடி பாய்மரப் படகு, மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கிறது. சமீபத்தில்தான் வாங்கியது. பின்தளத் தொட்டிலில் (பிடிப்புச் சட்டத்தில்) 6 பேருக்கான லைஃப்ராஃப்ட், அதாவது படகு மூழ்கினால் காற்றில் விரியும் உயிர்காப்பு மிதவை; வெள்ளை ஃபைபர் கேனிஸ்டர் (பெட்டி). லேபிளில் ஐ.எஸ்.ஓ. 9650-1 (சிறு படகு ராஃப்ட்டுக்கான சர்வதேசத் தரம்), குரூப் ஏ என்று இருக்கிறது. தயாரிப்பு 2014, கடைசி சர்வீஸ் 2020.

விற்றவர் 3 வருடத்துக்கு ஒருமுறை போதும் என்கிறார். மரினாவில் (படகுத்துறையில்) பக்கத்துப் படகுக்காரர் வருடா வருடம் என்று அடித்துச் சொல்கிறார். எது சரி? கேனிஸ்டரை நானே திறந்து, காலாவதியானதை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடலாமா? ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் (மூழ்கும்போது நீரழுத்தத்தில் ராஃப்ட்டைத் தானாக விடுவிக்கும் கருவி) ஒன்றும் மாட்டியிருக்கிறது, அதன் லேபிளில் மாதம், வருடம் எதுவும் குறிக்கவில்லை.

பதில் – நங்கூரம்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வேறு வேறு ராஃப்ட்டுக்கு.

12 மாதத்துக்கு ஒருமுறை என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி, கப்பல்களுக்கானது. சர்வீஸ் செய்ய வழியில்லாத சூழ்நிலையில் 17 மாதம் வரை நீட்டிக்க அனுமதி உண்டு. சொந்த உபயோகத்துக்கான படகிலுள்ள ஐ.எஸ்.ஓ. ராஃப்ட்டுக்கு, தயாரிப்பாளரின் கையேடு சொல்வதுதான் இடைவெளி. பல தயாரிப்பாளர்கள் புதிதில் 3 வருடம் தருகிறார்கள், வயது ஏற ஏறக் குறைத்துவிடுகிறார்கள். விற்றவர் சொன்னது புது ராஃப்ட்டின் கணக்கு, உங்களுடையது 2014. பந்தயத்துக்குப் போனால் வேர்ல்ட் செய்லிங் (பாய்மரப் பந்தயங்களின் உலக அமைப்பு) விதி தனி: கேனிஸ்டரில் வரும் ஐ.எஸ்.ஓ. ராஃப்ட்டுக்கு அதிகபட்சம் 3 வருடம். பையில் வருவதற்கும் 3 வருடம்தான், ஆனால் அங்கீகாரம் பெற்ற ஆள் வருடம் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். படகை வாடகைக்கு விட்டால் கொடி நாட்டின், அதாவது படகு பதிவான நாட்டின் விதியைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியம், சர்டிஃபிகேட்டில் இருக்கும் 'அடுத்த சர்வீஸ்' தேதியை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே அபாய சிக்னலுக்கான கைத் தீப்பந்தம், பாராசூட் ராக்கெட், விளக்கு பேட்டரி, தண்ணீர் பாக்கெட், வாந்தியைத் தடுக்கும் மாத்திரை, ஒட்டுப் பசை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலாவதி. ராஃப்ட்டை விரிக்கும் வாயு சிலிண்டரின் அழுத்தச் சோதனைக்கு இன்னொரு தேதி. இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுதான் உங்கள் உண்மையான தேதி. 18 மாதம் மிச்சமுள்ள தீப்பந்தத்தை வைத்து மூடிவிட்டு 3 வருட முத்திரை குத்தினால் பாதி இடைவெளிக்குக் காலாவதிப் பொருளோடு ஓடுவீர்கள். மூடுவதற்கு முன்பே கேளுங்கள், அடுத்த சர்வீஸ் வரை தாங்குகிற பொருள்தான் வேண்டும் என்று.

உங்கள் ஊர் வெயிலும் ஈரமும் ஒட்டுத் தையலுக்கு எதிரி. தளத்தில் மூடாமல் கிடக்கும் கேனிஸ்டர் நாள் முழுக்க அடுப்பு மாதிரிதான். 10 வயது தாண்டிய ராஃப்ட்டை வெப்பமண்டலத்தில் வைத்திருப்பவர்களுக்கு, கையேடு என்ன சொன்னாலும் வருடம் ஒருமுறை என்பதே என் யோசனை. 2020-க்குப் பிறகு திறக்காத ராஃப்ட்டை இருப்பதாகவே கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதில் – கொண்டல்

நீங்களே திறக்க வேண்டாம். திறப்பது சுலபம், மூடுவதுதான் வித்தை. மடிப்பு மாறினால் சிலிண்டர் தலை துணியில் உரசும். கேனிஸ்டரைச் சுற்றியிருக்கும் பட்டை, வாயு விரியும்போது அறுந்துபோகிற அளவு பலத்தில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கிற நல்ல உறுதியான பட்டையைக் கட்டினால் விரியவே விரியாது.

அதற்குப் பதில், திறக்கும்போது நானும் நிற்கிறேன் என்று சர்வீஸ் ஸ்டேஷனில் கேளுங்கள். பல இடங்களில் விடுவார்கள். அங்கே கவனிக்க வேண்டியது:

காற்று நிரப்புவது உலர்ந்த அமுக்கக் காற்றால். சிலிண்டர் வாயுவை ஒவ்வொரு முறையும் அடிப்பதில்லை, அது துணியைக் குளிரவைத்து வாட்டும். (சோலாஸ் ராஃப்ட்டில் வாயுவால் விரிக்கும் சோதனை 5 வருடத்துக்கு ஒருமுறை.) நிரப்பியபின் 1 மணி நேரம் விட்டு அழுத்தம் பார்ப்பார்கள். ஐ.எம்.ஓ. (சர்வதேச கடல்சார் அமைப்பு) தீர்மானம் ஏ.761(18)-இல் உள்ள அளவு: இறக்கம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

ஏமாறுவதும் இங்கேதான். ராஃப்ட்டின் காற்றுக் குழாயில் 200 மில்லிபார் இருந்தால் 5 சதவீதம் என்பது வெறும் 10 மில்லிபார். 1 டிகிரி வெப்பம் மாறினால் அழுத்தம் சுமார் 4 மில்லிபார் மாறும். ஏசி போட்டு 3 டிகிரி குறைந்தால் நல்ல ராஃப்ட்கூடக் கசிவது போலத் தெரியும். தகரக் கொட்டகையில் காலை 9 மணிக்கு ஆரம்பித்து 3 டிகிரி ஏறினால் கசிகிற ராஃப்ட் தேறிவிடும், இதுதான் ஆபத்து. தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலையைக் குறித்தார்களா என்று பாருங்கள். தாளில் வெப்பநிலை இல்லையென்றால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

ராஃப்ட்டின் இரண்டு காற்று அறைகளையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். நடுத் தடுப்பு கசிந்தால், ஒன்று கிழியும்போது மற்றதும் சப்பையாகும். சிலிண்டரைத் தராசில் வைத்து, அதன்மேல் பொறித்த எடையோடு ஒப்பிட வேண்டும், கையில் தூக்கிப் பார்த்து 'ஃபுல்' என்பதெல்லாம் செல்லாது. தரை ஒட்டுகிற விளிம்பு, நுழைவுப் படியின் அடி, அடியில் தொங்கும் நீர்ப்பைகளின் தையல் மூன்றையும் விரலால் நெருடிப் பாருங்கள். பசை தூளாக உதிர்ந்தால் அந்த ராஃப்ட்டுக்குச் செலவழிக்காதீர்கள். சிலிண்டர் சோதனை, தீப்பந்தம், விளக்கு எல்லாம் ஒரே வருடத்தில் வந்து விழுந்தால் புதிது வாங்கும் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

கரைக்காற்று

நன்றி. ரிலீஸைப் போய்ப் பார்த்தேன். ஹாமர் எச்20 என்ற மாடல். ராஃப்ட்டிலிருந்து வரும் பெயின்டர் கயிறு (இழுத்தால் ராஃப்ட்டை விரிக்கும் கயிறு) அதில் மாட்டவில்லை, நேராகத் தொட்டிலின் யூ-போல்ட்டில் முடிச்சுப் போட்டிருக்கிறது. உறுதியாகத்தானே இருக்கிறது, பரவாயில்லையா?

பதில் – நங்கூரம்

அந்த உறுதிதான் பிரச்சினை. படகு மூழ்கினால் 4 மீட்டர் ஆழத்துக்குள் எச்20-இன் கத்தி அதன் வெள்ளைக் கயிற்றை அறுக்கும். கேனிஸ்டரைத் தொட்டிலோடு பிடிக்கும் கட்டுப்பட்டை விடுபட்டு ராஃப்ட் மேலே போகும். பெயின்டர் முழுக்க உருவி, இறுகி, சிலிண்டரைத் திறக்கும். ராஃப்ட் விரியும், ஆனால் கயிற்றின் மறுமுனை யூ-போல்ட்டில். படகு அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், இல்லையென்றால் பெயின்டர் கட்டிய இடம் பிய்யும்.

அதனால்தான் பெயின்டரின் முனையை எச்20-இன் சிவப்பு வளையத்தில் ஷாக்கிளால் (உலோகக் கொளுவியால்) மாட்ட வேண்டும். அந்த வளையம் 2.2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 220 கிலோ இழுப்பில் உடைகிற பலவீன இணைப்பு. ராஃப்ட்டை விரிக்கிற இழுப்பைத் தாங்கும், மூழ்கும் படகின் இழுப்பில் உடைந்து விட்டுவிடும். வெள்ளைக் கயிற்றின் கீழ்ப்பகுதி தொட்டிலோடும், மேல் கண்ணி கட்டுப்பட்டையின் கொக்கியோடும் இருக்க வேண்டும். காற்றுக்கு ஆடாமல் இருக்கட்டும் என்று கேனிஸ்டர் மேல் கூடுதலாக ஒரு கயிறு சுற்றியிருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள், அதை எந்தக் கத்தியும் அறுக்காது.

எச்20-இன் ஆயுள் மாட்டிய நாளிலிருந்து 2 வருடம். லேபிளில் மாதமும் வருடமும் அடையாளமிடாமல் விட்டால் பழையது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக மாட்டும் அன்றே குறித்துவிடுங்கள்.

பதில் – தோணித்துறை

ஒரு மாற்றுக் கருத்து. ரிலீஸ் இருக்கிறது என்று நிம்மதியாக உட்காரக் கூடாது. கவிழ்ந்து தண்ணீர் நிரம்பியும் மிதக்கிற படகில் அந்த ஆழம் வராது, ரிலீஸ் வேலை செய்யாது. கையால் கொக்கியைத் தட்டிவிட்டு ராஃப்ட்டை எறிய எல்லோருக்கும் தெரிய வேண்டும். விரிந்ததும் வால்வு வழியாக உஸ்ஸென்று வாயு வெளியேறும், அது கூடுதல் அழுத்தம் போவது, ஓட்டை என்று பயந்து ஏறாமல் நிற்காதீர்கள்.

மாதம் ஒருமுறை கேனிஸ்டரின் வடிகால் துளை அடிப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிலில் தலைகீழாக வைத்துவிட்டால் மழைநீர் உள்ளேயே நிற்கும், சிலிண்டர் தலை பச்சை பூக்கும்.

சர்வீஸுக்கு விமானத்திலோ கூரியரிலோ அனுப்புவதானால் மறைக்காமல் சொல்லுங்கள். தானாக விரியும் உயிர்காப்புச் சாதனம், யூ.என். 2990, ஆபத்தான சரக்கு வகை 9. படகையே ஸ்டேஷன் உள்ள துறைமுகத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது பெரும்பாலும் மலிவு.