குளோசப் ஷாட்டில் கண் சிமிட்டல்: அப்பத்தாவின் மனசு தெரிய வேண்டும்

வளவுத்தூண் (காரைக்குடி):

வணக்கம். பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் ஒரு குறும்படம் செய்துகொண்டிருக்கிறேன். கதை முழுக்க ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில்தான் நடக்கிறது. அப்பத்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து மகன் போன் போட்டு, இந்த வருஷம் படைப்புக்கு (குடும்பமாக முன்னோரைக் கும்பிடும் சடங்கு) வர முடியாது என்கிறான். "சரிப்பா, வேலையைப் பாரு" என்பதோடு அப்பத்தா முடித்துக்கொள்கிறார். முகம் மட்டும் தெரியும் ஷாட், 12 வினாடி, வினாடிக்கு 24 ஃபிரேம்.

அழுகை வேண்டாம், உதடு நடுங்கவும் வேண்டாம். எங்கள் ஊர் ஆச்சிமார் போனில் அப்படிக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் கண்ணில்தான் தெரிய வேண்டும். மூன்று வினாடிக்கு ஒரு சிமிட்டல் என்று சீராக வைத்தால் பொம்மை மாதிரி இருக்கிறது. எடுத்துவிட்டால் முகத்தில் உயிரே இல்லை. இன்னொரு தொல்லை: இமை பாதி மூடும்போது கருவிழி இமையைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிகிறது. என்ன செய்யலாம்?

ரெண்டர்ராசா:

மனிதர்கள் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 15–20 தடவை சிமிட்டுவார்கள். 12 வினாடிக்கு மூன்று நான்கு வரும். இடைவெளியை ஒழுங்கில்லாமல் கலைத்து வையுங்கள், போதும்.

தேவகோட்டைக்காரி:

கூட்டத்தில் பின்னால் நிற்கிற ஆட்களுக்கு ராசா சொல்வது சரி. இந்த ஷாட்டுக்குப் போதாது. சராசரிக்கு எந்த மனசும் கிடையாது, தம்பி. பேசும்போது சிமிட்டல் கூடும்; ஒன்றையே உற்றுப் பார்க்கும்போதும் கவனமாகப் படிக்கும்போதும் குறையும். எங்கே சிமிட்டவில்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மகன் நலம் விசாரிக்கும்வரை சாதாரணமாக ஒன்று போதும். மூட 2 ஃபிரேம், மூடியபடி 1, திறக்க 4. மூடுவது வேகம், திறப்பது மெதுவு. இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் ஷட்டர் ஏறி இறங்குகிற மாதிரி ஆகிவிடும். "வர முடியல" என்று அவன் ஆரம்பித்ததிலிருந்து இரண்டு வினாடி சிமிட்டலே வேண்டாம். அவர் காதால் மட்டுமே இருக்கிற நேரம் அது.

சொல் உள்ளே இறங்கியதும் ஒன்றே ஒன்று. மூட 4, மூடியபடி 6, திறக்க 9. இமை மூடியிருக்கும்போதே கருவிழியைத் திருப்பிவிடுங்கள். திறக்கையில் பார்வை கீழே தரையில், ஆத்தங்குடிக் கல்லில் இருக்கட்டும். பார்வை தாழ்ந்தால் மேல் இமையும் தானாகத் தாழும், அதை மறந்தால் முறைப்பது போலிருக்கும். அதற்கும் மேலே இன்னும் கொஞ்சம், ஒரு மயிரிழை, இமை கனமாக நிற்கட்டும். என் கணக்கில் வருத்தம் மூடுவதில் இல்லை, முழுசாகத் திறக்காததில் இருக்கிறது.

அப்புறம் "சரிப்பா". அந்தச் சொல்லின் மேல் சிமிட்டல் விழவே கூடாது. சொல்வதற்கு முன்னால் சட்டென்று ஒன்று, பார்வை மேலே வருகிறது, பிறகுதான் வாய் திறக்கிறது. தன்னைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறார் என்பது அங்கே தெரியும். போனை வைத்த பிறகு அடுத்தடுத்து இரண்டு வேகமான சிமிட்டல் வைத்தால் கண்ணீரே காட்டாமல் கண்ணீரை அடக்குவது புரியும். அதற்கு மேல் வேண்டாம்.

கீழ் இமையைச் சும்மா விடாதீர்கள், மூக்குப் பக்கமாகத் துளி நகரும். புருவமும் சிறிது இறங்கும். இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக மூடச் சொல்வார்கள். தூக்கக் கலக்கத்துக்கு அது பொருந்தும், அப்பத்தாவுக்கு வேண்டாம்.

நீங்களே அந்த வசனத்தைச் சொல்லி வீடியோ எடுத்துப் பாருங்கள். கண்ணாடி முன்னால் நடித்துப் பார்க்காதீர்கள். தன்னையே கவனிக்கிற கண்தான் அங்கே கிடைக்கும்.

ரிக்கொத்தனார்:

கருவிழி இமையைத் துளைப்பதற்குக் காரணம் ஷேப் கீ, அதாவது முகத்தின் ஒரு வடிவத்தைப் பதிந்து வைத்து, அதை நோக்கி உருவத்தை மாற்றுகிற முறை. அதில் புள்ளிகள் நேர்கோட்டில் போகும், கண்முழியோ உருண்டை. பாதி மூடிய நிலைக்குத் தனியாக ஒரு ஷேப் செய்து, மூடல் 0.5-இல் இருக்கும்போது அது முழுதாக வந்து, இரண்டு பக்கமும் குறைகிற மாதிரி டிரைவர் (ஒரு மதிப்பை வைத்து இன்னொன்றைத் தானாக மாற்றும் அமைப்பு) போடுங்கள். இல்லையென்றால் கண்முழியின் மையத்தில் எலும்பு (உருவத்தை அசைக்க உள்ளே வைக்கும் கட்டுப்பாடு) வைத்து இமையைச் சுழற்றலாம்.

வெளிச்சத்தையும் பாருங்கள். வளவில் வெளிச்சம் வானத்திலிருந்து நேரே இறங்குகிறது, புருவ நிழல் கண்ணை மறைத்துவிடும். முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பினால் கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஒன்று விழும். சிமிட்டும்போது அந்தப் புள்ளி அணைந்து எரிவதுதான் பார்ப்பவர் கண்ணில் முதலில் படும்.

வளவுத்தூண்:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. பாதி ஷேப் போட்டதும் துளைப்பது நின்றுவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்: அப்பத்தாவுக்குத் தடிக் கண்ணாடி போட்டிருக்கிறேன். கழற்றிவிடலாமா?

தேவகோட்டைக்காரி:

கழற்ற வேண்டாம், அந்தக் கண்ணாடி இல்லாமல் அவர் அவராக இருக்கமாட்டார். பிளஸ் பவர் லென்ஸ் என்றால் கண் பெரிதாகத் தெரியும், இமை அசைவும் சேர்ந்து பெரிதாகும். அதனால் அந்த நீளமான சிமிட்டலை மட்டும் ஓரிரு ஃபிரேம் குறைத்து, கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பு இமையை வெட்டாத உயரத்தில் கண்ணாடியை இறக்கி வையுங்கள். பிளேபிளாஸ்ட் (அசைவைப் பார்க்க எடுக்கும் விரைவு முன்னோட்டம்) எடுத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.