ஸ்லெய் ரைட்: ஆர்கெஸ்ட்ராவா, ரோனெட்ஸா?

பழையரெக்கார்டு: டிசம்பர் வந்தாலே எங்க திரும்பினாலும் அமெரிக்கப் பொண்ணுங்க குழு ரோனெட்ஸ் பாடின ஸ்லெய் ரைட்தான் ஓடுது, அதான் பனில குதிரை வண்டில போற பாட்டு. நல்லாதான் இருக்கு, இல்லைங்கல. ஆனா லெராய் ஆண்டர்சன் 1948ல எழுதி முடிச்சது வெறும் ஆர்கெஸ்ட்ரா பீஸ்ங்க, அந்த மே மாசமே கண்டக்டர் ஆர்தர் ஃபீட்லர் பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ராவை வச்சு அரங்கேத்திட்டாரு, அடுத்த வருஷம் ரெக்கார்டும் பண்ணியாச்சு. மிட்செல் பாரிஷ் வரி எழுதினது 1950லதான். குதிரைக் குளம்பு சத்தத்துக்கு டெம்பிள் பிளாக்ங்கிற மர வாத்தியம், சவுக்கடிக்கு ரெண்டு பலகைய பட்டுனு அடிக்கிறது, கடைசில ட்ரம்பெட் குதிரையா கனைக்கும். வார்த்தையே இல்லாம வண்டி ஓடுது, அதுக்கு மேல பாட்டு எதுக்கு?

டோலக்மணி: அண்ணே குளம்பும் கனைப்பும் ரோனெட்ஸ்லயும் இருக்கே! 1963ல லாஸ் ஏஞ்சலஸ் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோல தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் எடுத்தது, அரேஞ்ச்மென்ட் ஜாக் நீட்சே. ஒரே அறைக்குள்ள நிறைய பேர் கிட்டார் பியானோன்னு ஒண்ணுமேல ஒண்ணா வாசிச்சு எக்கோ சேம்பர்ங்கிற எதிரொலி அறைல விட்டு எடுத்த சத்தம், அதுக்கு மேல லீட் பாடகி ரோனி குரல் வெட்டிக்கிட்டு வரும் பாருங்க, பின்னாடி பொண்ணுங்க ரிங்கலிங் டிங்டாங்னு. பாஸ்டன் பாப்ஸ் கோட்டு சூட்டு போட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு, இது தெருவுல ஆடுற மாதிரி இருக்கு.

பழையரெக்கார்டு: ஆடுங்க, யார் வேணாம்னா. ஆனா பாரிஷ் வரில ஃபார்மர் கிரேன்னு ஒரு விவசாயி வீட்டு பர்த்டே பார்ட்டி வர்ற பகுதி ரோனெட்ஸ்ல எங்க? மெட்டு திசை மாறி மூச்சு விடுற இடமே அதுதான், அதை அப்படியே தூக்கிட்டாங்க. கார்பென்டர்ஸ்னு அண்ணன் தங்கச்சி குழு அட்லீஸ்ட் அதைப் பாடினாங்க, ஆனா பர்த்டே பார்ட்டிய கிறிஸ்துமஸ் பார்ட்டின்னு மாத்திட்டாங்க, அது இன்னொரு கொடுமை. ஒரிஜினல் வரில கிறிஸ்துமஸ்ங்கிற பேச்சே கிடையாது.

டோலக்மணி: தூக்கினதாலதான் பாட்டு நிக்காம ஓடுது. நீங்க மூச்சு விடுற இடம்ங்கிறீங்க, எனக்கு அங்க வண்டி பஞ்சர்.

அரைவால்வு: ட்ரம்பெட் வாசிக்கிறவன் சொல்றேன், ரெண்டு பேருமே ஒண்ண விட்டுட்டீங்க. ஆண்டர்சன் ஸ்கோர்லயே பின்பாதில மெயின் மெட்டு திரும்ப வரும்போது பிராஸ், அதாவது ட்ரம்பெட் மாதிரி பித்தளை வாத்தியம் முழுக்க, ஜாஸ் ஆட்டத் தாளத்துல ஸ்விங் ஆயிடும், அதுவரைக்கும் நேரா உக்காந்திருந்த ஆர்கெஸ்ட்ரா திடீர்னு டான்ஸ் பேண்ட் ஆயிடும். அதனால ஆடவே கூடாதுன்னு அவர் நினைக்கல. அப்புறம் அந்தக் கனைப்பு, ட்ரம்பெட் மேல இருக்கிற வால்வு பட்டனை பாதி மட்டும் அழுத்திக்கிட்டு மேலேர்ந்து கீழ சறுக்கணும், முழுசா அழுத்தினா தனித்தனி சுரமா விழுந்திடும், பாதில விட்டாதான் குதிரை. பீஸ் பூரா ஒழுங்கா வாசிச்சிட்டு இங்க காத்து வந்துச்சுன்னா ஹாலே சிரிக்கும்.

பழையரெக்கார்டு: அந்த ஸ்விங் எனக்கும் தெரியும் தம்பி, அதுக்குத்தான் நான் ஃபீட்லர் பக்கம் நிக்கிறேன். முன்னாடி நேரா போனாதான் அந்தத் திருப்பம் திருப்பமா கேக்கும். ரோனெட்ஸ்ல முதல் நொடிலேர்ந்தே ஆட்டம், திரும்புறதுக்கு ரோடே இல்ல.

டோலக்மணி: அப்போ ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960ல இதைப் பாடினதையும் தள்ளிடுவீங்களா? அதுவும் ஆரம்பத்துலேர்ந்தே ஸ்விங்தானே.

பழையரெக்கார்டு: எல்லாவை இதுல இழுக்காதீங்க. அந்தம்மா என்ன பாடினாலும் சரிதான்.

அரைவால்வு: ஹாஹா இது என்ன நியாயம் அண்ணே. சரி, ஆண்டர்சன் இதை எழுத ஆரம்பிச்சது 1946 ஜூலை, கனெக்டிகட்ல கொளுத்துற வெயில்ல. டிசம்பர்லதான் கேக்கணும்னு யாரும் சட்டம் போடல, நான் இப்பவே ரெண்டையும் போடப் போறேன்.