போர்டெசோமிப் பலன் குறைகிறது: விவரம் அறிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். பாதம் மரத்துவிட்டது. போன வாரம் மீன் ஏலத்துக்குப் போனவர், ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார். புழுதியும் செதிலும் ஒட்டிய அந்தப் பாதத்தை அம்மா கழுவிவிட்டார். இப்போது மருந்தின் பலனும் குறைகிறது என்கிறார் மருத்துவர்.

இரவெல்லாம் படித்தேன். செல், தனக்கு வேண்டாத புரதத்தின் மேல் யூபிக்விட்டின் என்ற சீட்டை ஒட்டுகிறது; சீட்டு விழுந்த புரதத்தை, செல்லுக்குள் இருக்கும் புரோட்டியசோம் என்ற அரவை இயந்திரம் அரைத்துவிடுகிறது. இதைக் கண்டறிந்ததற்குத்தான் 2004 வேதியியல் நோபல். போர்டெசோமிப் அந்த அரவையை நிறுத்துகிறது. சீட்டைப் பிய்த்துப் புரதத்தைக் காப்பாற்றும் நொதிகளும் நம் உடலில் சுமார் 100 இருக்கின்றன. அவற்றுள் யூஎஸ்பி7 என்ற நொதி, எம்டிஎம்2 என்ற புரதத்தைக் காக்கிறது. அந்த எம்டிஎம்2வோ புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற புரதத்தை அழிவுக்கு அனுப்புகிறது. யூஎஸ்பி7-ஐ முடக்கினால், போர்டெசோமிபுக்கு மசியாத மைலோமா செல்களும் மடிகின்றன என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது ஆய்வகத்தில், மனிதர்களிடம் அல்ல. அந்த இடைவெளிதான் என்னை வாட்டுகிறது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது பத்து நிமிடம் பேச முடியுமா? யூஎஸ்பி7-ஐ முடக்கும் மருந்துக்கு மனிதச் சோதனை நடக்கிறதா என்று இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எப்படித் தேடுவது? போர்டெசோமிப் கைவிட்டபின் உங்கள் வீட்டில் மருத்துவரிடம் என்னென்ன கேட்டீர்கள்? வரும் திங்கள் அப்பாவை அழைத்துப் போகிறேன். அதற்குள் எழுதுங்கள்.