முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சையின்போது மனதில் தங்கிவிட்ட ஒரு நேரம் (நோயாளிகள் குழுவில் உறுப்பினர்கள் பகிர்ந்தவை)

திருச்சி உறுப்பினர், வயது 71:
எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் கரும்புள்ளிகள் தெரிந்த பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன்; பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் இரத்தப் பரிசோதனை, பயாப்சி என்ற திசுப் பரிசோதனை எல்லாம் இங்கிருப்பவர்கள் கடந்து வந்தவையே. ஆண் ஹார்மோனை அடக்க விரைகளை அறுவைச் சிகிச்சையில் அகற்றலாம், அல்லது மூன்று மாதத்திற்கு ஒருமுறை லூப்ரோலைடு ஊசி போடலாம் என்று விளக்கிய மருத்துவர், எதிரில் உட்கார்ந்திருந்த என்னை விட்டுவிட்டு, பின்னால் நின்ற மகனிடம், "அப்பாவுக்கு எது தோதுப்படும், தம்பி?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஊசியே போடுங்க சார்" என்றான். பிஎஸ்ஏ நன்றாகவே இறங்கியது. இரவில் உடம்பு கொதித்து பனியன் நனைய வியர்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். என் உடம்பைப் பற்றிய கேள்வி என்னைத் தாண்டிப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சேலம் உறுப்பினர்:
ஐயா எழுதியதைப் படிப்பவர்கள், ஊசியால் அவர் ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தார் என்று எண்ணிவிடக் கூடாது. நான் அறுவைச் சிகிச்சையையே கேட்டு வாங்கியவன். ஊசிச் செலவை ஆயுள் முழுதும் தாங்க இயலாது என்பதோடு, ஊசியில் ஹார்மோன் முதலில் ஏறிப் பிறகே இறங்கும், அறுவையிலோ சில மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதும் காரணம். விரைகளை அகற்றினால் இந்நோய் கட்டுப்படுவதை 1941இல் காட்டிய மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. புரண்டு படுக்கவே மனைவியின் கை வேண்டியிருந்த நான், சில நாட்களில் கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தனியாக எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர், "இனிமேல் என்ன ஆம்பளை" என்று முணுமுணுத்தார். என் மனைவி திரும்பி, "எழுந்து உட்கார்ந்துட்டாரு, எங்களுக்கு அது போதும்" என்றார். அந்த மனிதரின் பேச்சு மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

திருச்சி உறுப்பினர்:
அறுவைச் சிகிச்சையை நான் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. நீங்கள் கேட்டு வாங்கினீர்கள்; என்னை யாரும் கேட்கவில்லை.

மதுரை உறுப்பினர்:
பேருந்திலிருந்து இறங்கும்போது வலது கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் மடங்கியது. அன்றே எடுத்த எம்ஆர்ஐயில் தண்டுவடம் அழுத்தப்படுவது தெரிந்து, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோனும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இப்போது கைத்தடியோடு நடக்கிறேன்.

எல்லோருக்கும் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். எலும்புக்குப் பரவியவர்களுக்குப் புதிதாக முதுகுவலி வந்தாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, தைலம் தேய்த்து விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், ஏனெனில் செயலிழந்த கால் மீண்டும் முழுதாகத் திரும்புவது அரிது. எலும்பை வலுப்படுத்தும் சோலெட்ரோனிக் அமில ஊசிக்கு முன்பு பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆற விடுங்கள். ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரை எடுப்பவர்கள், உடன் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தவே கூடாது. இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். அபிராடெரோன் மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்.

கோவை உறுப்பினர்:
மதுரை அண்ணன் சொன்னவற்றில் கடைசியை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. நான்கு மாத்திரைகள், அதாவது 1000 மி.கி. எடுப்பவர்களுக்கு வெறும் வயிறு கட்டாயம். எனக்கோ, உணவோடு எடுத்தால் மருந்து உடம்பில் கூடுதலாகச் சேரும் என்பதால், செலவைக் கருதி 250 மி.கி. ஒன்றை மட்டும் எண்ணெய் குறைந்த காலை உணவோடு எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர், "சாப்பிட்டுவிட்டுப் போட்டால் விஷம்" என்று சொல்லிவிட்டதால், இட்லித் தட்டை என் முன்னால் வைக்க மனைவி பயந்துபோய் நின்ற அந்தக் காலை வேளை எனக்கு மறக்கவில்லை. 1000 மி.கி. எடுப்பவர் என்னைப் பார்த்து உணவோடு போட்டாலும் ஆபத்து, நான் உங்களைப் பார்த்து வெறும் வயிற்றில் போட்டால் மருந்து போதாது. எனவே அவரவர் சீட்டில் எழுதியிருப்பதை அதை எழுதிய மருத்துவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.