யுபிஐ நவம்பரின் பிள்ளையா?

ஓய்வுபெற்ற காசாளர்:
2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு பிரதமர் 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்திராவிட்டால், இன்று இளநீர் வண்டியில் கியூஆர் அட்டை தொங்கியிருக்காது என்றும், யுபிஐ என்பதே பண மதிப்பிழப்பு பெற்ற பிள்ளை என்றும் நொய்யல்கரையான் அவர்கள் நேற்று எழுதியிருந்தார். அதை நாற்பது பேர் மெச்சிவிட்டுப் போயிருப்பதைப் பார்த்தபின் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. யுபிஐயை அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் மும்பையில் தொடங்கிவைத்த நாள் 2016 ஏப்ரல் 11. தாய்க்கு ஏழு மாதம் முன்பே பிறந்துவிட்ட பிள்ளையை எந்த மருத்துவமனையில் பார்த்தார் என்று அவர் சொன்னால், முப்பத்தோராண்டுகள் கல்லாவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் நானும் தெரிந்துகொள்வேன்.

நொய்யல்கரையான்:
ஐயா, உங்கள் அனுபவத்தை வணங்குகிறேன்; ஆனால் ஏப்ரலில் நடந்தது குத்துவிளக்கேற்றும் விழா மட்டுமே. வங்கிகளின் யுபிஐ செயலிகள் பொதுமக்களின் கைப்பேசிக்கு வரத் தொடங்கியது ஆகஸ்ட் 25ஆம் தேதிக்குப் பிறகுதான். வந்த பின்னும் அவற்றைச் சீண்ட ஆளில்லை. அக்டோபர் மாதம் முழுவதும் நாடெங்கும் நடந்த பரிவர்த்தனைகள் ஏறத்தாழ 1 லட்சம். டிசம்பரில் அதுவே 20 லட்சத்தை நெருங்கிவிட்டது. இந்த இரண்டு மாதங்களுக்கு நடுவே எந்த மாதம் வருகிறது என்பதை நாட்காட்டியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெற்றவள் யார் என்பது கிடக்கட்டும், வளர்த்தவள் யார் என்பதைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்:
நேற்று "பெற்ற" பிள்ளை, இன்று "வளர்த்த" பிள்ளையாகிவிட்டது. ஆகஸ்ட் 25 என்றே வைத்துக்கொண்டாலும், நான் பள்ளியில் படித்த வரிசைப்படி ஆகஸ்ட் நவம்பருக்கு முன்னால்தான் வருகிறது. ஆனால் நான் ஆகஸ்டை ஒப்புக்கொள்ளவில்லை. ஏப்ரல் 11 என்றுதான் சொல்கிறேன்.

நிரலாளி:
இருவருமே தவறான மாதத்திற்காக அடித்துக்கொள்கிறீர்கள். யுபிஐயின் அடியில் ஓடும் ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணமாற்று முறை 2010லேயே வந்துவிட்டது. அதை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2008இல் நிறுவப்பட்டது. நவம்பர் 2016இல் மக்கள் ஓடிப்போய் ஏறியதும் யுபிஐயில் அல்ல, பேடிஎம் போன்ற பணப்பைச் செயலிகளில்தான். அந்த வாரமே பிரதமரின் படத்தைப் போட்டு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தவர்கள் அவர்கள். அதற்கெல்லாம் மேலாக, அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கி இணையத்தை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்ததை ஏன் ஒருவரும் வாயெடுத்துச் சொல்வதில்லை? கைப்பேசியில் இணையமில்லாமல் கியூஆர் அட்டையை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ளவா முடியும்?

ஓய்வுபெற்ற காசாளர்:
தம்பி, 2008ஐயும் 2010ஐயும் இழுத்து வந்ததற்கு நன்றி, அவை இரண்டும் என் பக்கத்திற்குத்தான் சாட்சி சொல்கின்றன. ஜியோ தொடங்கிய செப்டம்பரும் நவம்பருக்கு முன்புதான்.

நிரலாளி:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். எனக்கு வயது ஐம்பத்தொன்று. சென்ற ஆண்டு மின்வாக்கு எந்திர விவாதத்திலும் இதே போல்தான் என்னைத் "தம்பி" என்று தட்டி உட்காரவைக்கப் பார்த்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பின்னலாடைக்காரி:
ஆண்கள் மூவரும் பிறந்தநாள் கொண்டாடி முடித்தாயிற்றா? திருப்பூரில் சிறிய தையல் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களூரில் சனிக்கிழமை சம்பள நாள். அந்த நவம்பரில் நடப்புக் கணக்கிலிருந்து வாரத்திற்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். என்னிடம் நாற்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துவிட்டு, மீதியை மளிகைக்கடைக்காரரிடம் என் பெயரில் எழுதிக்கொள்ளச் சொல்லி அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போகச் சொன்னேன். வடக்கிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் மூன்றாவது சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் ரயிலேறிவிட்டார்கள். அன்று அவர்களில் ஒருவர் கையிலும் யுபிஐ இல்லை. வளர்த்த தாயைப் பற்றிப் பேசுகிற நொய்யல்கரையான், அந்தத் தாய் மற்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்டாளா என்றும் ஒரு வார்த்தை எழுதலாம்.

நொய்யல்கரையான்:
அம்மணி, உங்கள் வருத்தம் உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி யுபிஐயைப் பற்றியது. யுபிஐயில் இயங்கும் பீம் செயலியை அரசே 2016 டிசம்பர் 30 அன்று வெளியிட்டது. ஏப்ரலில் வந்தது கருவி என்றால், டிசம்பரில் வந்தது அதைப் பிடிக்கும் கை. இன்று உங்கள் பட்டறையில் சம்பளம் எப்படிப் போகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

பின்னலாடைக்காரி:
கைப்பேசி வழியாகத்தான் போகிறது. அதனால் அன்று பட்டினி கிடந்தது நியாயமாகிவிடுமா?

ஓய்வுபெற்ற காசாளர்:
டிசம்பர் 30! பாருங்கள், பிறந்தநாள் இப்போது பின்னோக்கிப் போகாமல் முன்னோக்கி ஓடுகிறது. நான் ஒன்று சொல்கிறேன். நோட்டு மாற்றத் தொடங்கிய முதல் வாரத்தில், அஞ்சறைப்பெட்டியில் போட்டு வைத்திருந்த ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகளோடு ஒரு மூதாட்டி என் கவுண்டருக்கு வந்தார். நோட்டின் மடிப்பெல்லாம் மஞ்சள்தூள். அன்றைய வரம்பு 4,000. எட்டு நோட்டை வாங்கிக்கொண்டு ஒன்பதாவதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு வங்கிக் கணக்கும் இல்லை. அடுத்த வாரம் வரம்பை 4,500 ஆக்கினார்கள், அதே வாரத்தில் 2,000 ஆகக் குறைத்தார்கள், விரலில் மை வைக்கச் சொன்னார்கள். அந்த ஒன்பதாவது நோட்டு என்னவாயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படி வந்த பணத்தில் கறுப்பு எவ்வளவு என்றால், செல்லாதென்ற 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியே 2018இல் எழுதிக் கொடுத்தது. கறுப்புப் பணம் என்ற காரணம் நமத்துப்போனதும் யுபிஐயைப் பிடித்து அதன் தலையில் மாலை போடுகிறீர்கள். அது ஏப்ரல் 11இல் பிறந்தது.

நொய்யல்கரையான்:
உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 2 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் பண மதிப்பிழப்பு செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு மேல் காசாளர் கவுண்டரில் மேல்முறையீடு கிடையாது.

ஓய்வுபெற்ற காசாளர்:
தீர்ப்பு நடைமுறை சரியா என்பதைப் பற்றியது. யுபிஐக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்கவில்லை. அந்த ஒருவர், நீதிபதி நாகரத்னா, என்ன எழுதினார் என்பதையும் படியுங்கள்.

தமிழாசிரியர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் அனைவரும் எழுதும் "பண மதிப்பிழப்பு" என்ற சொல்லே பிழை. மதிப்பிழப்பு என்றால் 1966இல் டாலருக்கு எதிராக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, அது. 2016இல் நடந்தது பண மதிப்பு நீக்கம். சொல்லைச் சரியாக எழுதத் தெரியாதவர்கள் தேதிக்குச் சண்டையிடுவது விந்தையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற காசாளர்:
என் முதல் பதிவில் அந்தச் சொல் நொய்யல்கரையானின் கூற்றாகத்தான் வருகிறது. திருத்தத்தை அவருக்கு அனுப்புங்கள்.

நிரலாளி:
ஆசிரியரே, யுபிஐ என்பதற்கும் ஒரு தமிழ்ச்சொல் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள், அதையும் யாரும் பயன்படுத்தாமல் இருக்கலாம். உண்மையான கணக்கைச் சொல்கிறேன். ஒரு மாதத்தில் யுபிஐ பரிவர்த்தனை 100 கோடியைத் தாண்டியது 2019 அக்டோபரில். 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைத் தாண்டியது. வளர்ச்சியெல்லாம் போன்பேயும் கூகுள் பேயும் சந்தையைப் பிடித்த பிறகும், 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றான பிறகும், பெருந்தொற்றுக்குப் பிறகும் வந்தது. ரொக்கமும் ஒழியவில்லை: 2016 நவம்பரில் மக்கள் கையில் ஏறத்தாழ 18 லட்சம் கோடி, 2022 அக்டோபரில் 30 லட்சம் கோடிக்கு மேல்.

பின்னலாடைக்காரி:
ஒழியாமல் இருப்பதே நல்லது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவைக் கணக்கெடுத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூருவில் பெட்டிக்கடைகள் அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டியது நினைவிருக்கிறதா?

நொய்யல்கரையான்:
வரி கட்ட வேண்டியவர் கட்டட்டும். அக்டோபரில் 1 லட்சம், டிசம்பரில் 20 லட்சம். இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஓய்வுபெற்ற காசாளர்:
பதில் முதல் பதிவிலேயே இருக்கிறது. வெள்ளத்தில் ஊரே மரமேறினால், மரத்தை நட்டவர் வெள்ளம் என்று எழுதுவீர்களா? ஏப்ரல் 11.

நொய்யல்கரையான்:
ஆகஸ்ட் 25.

ஓய்வுபெற்ற காசாளர்:
ஆகஸ்டும் எனக்குச் சாதகம்தான் என்று இரண்டாவது பதிவிலேயே சொல்லிவிட்டேன். ஓய்வூதியத்திற்கான வாழ்வுச் சான்றிதழ் வேலையாக நாளைக் காலை வங்கிக்குப் போகிறேன். அங்கே என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஏப்ரல் மாதத்துச் சுற்றறிக்கையை இன்னும் கோப்பில் வைத்திருப்பார். திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.

நிரலாளி:
மின்வாக்கு எந்திர விவாதத்திலும் இப்படித்தான் ஒரு கோப்பைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள்.