வெள்ளம் வடிந்த பின் நாய்களுக்கு வரும் எலிக்காய்ச்சல்: நம் அனுபவங்கள்

ரெயின்போ நகர்வாசி, புதுச்சேரி:

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்கு நின்ற தண்ணீர் வடிவதற்கு மூன்று நாள் ஆயிற்று. மழைநீரும் சாக்கடையும், இந்த நோயைப் பரப்பும் எலிச் சிறுநீரும் கலந்த அந்தத் தண்ணீரில்தான் எங்கள் நான்கு வயது லேப்ரடார் கருப்பன் இறங்கி விளையாடினான். மின்சாரம் இல்லாத வீட்டில் அவனை அடைத்து வைக்க மனம் வராமல் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான்.

பத்தாம் நாள் சோற்றுத் தட்டைத் திரும்பியும் பாராமல் படுத்துவிட்டான். மாலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மறுநாள் பின்னங்கால்கள் விறைத்திருந்தன, இடுப்பைத் தொட்டால் முனகினான். நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று எண்ணி ஒரு நாளை வீணாக்கினேன். அதற்கு அடுத்த நாள் காலையில் ஈறுகள் மஞ்சள் பூசியது போலவும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்திலும் இருந்தன.

தடுப்பூசி போட்டீர்களா என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. வருடம் தவறியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். ஆனால் தடுப்பூசி அட்டையைப் பிரித்தால், கடந்த இரண்டு ஆண்டுகளாகப் போட்டிருந்தது வெறிநோய்த் தடுப்பூசி மட்டுமே. குட்டியாக இருந்தபோது போட்ட கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் அடங்கியிருந்தது. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நாய் நோய்களுக்கு எதிரான பாதுகாப்பு சில ஆண்டுகள் நீடிப்பது போல் எலிக்காய்ச்சலுக்கு எதிரான பாதுகாப்பு நீடிப்பதில்லை என்பதும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதும், இடைவெளி மிகுதியாகிவிட்டால் சில வார இடைவெளியில் மறுபடியும் இரண்டு ஊசி போட வேண்டியிருக்கும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தன.

உண்ணியால் பரவும் பேபீசியா நோயிலும் காமாலை வரும் என்பதால் அதற்கும் சேர்த்து இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினினும் காமாலையைக் காட்டும் பிலிருபினும் ஏறியிருந்தன. முடிவுகள் முழுதும் வரும்வரை காத்திராமல் அன்றே நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைத் தொடங்கியதால்தான் அவன் பிழைத்தான் என்று நம்புகிறேன். ஆறு நாள் நரம்பு வழியாக குளுக்கோஸும் உப்பு நீரும் ஏற்றினார்கள். பிறகு இரண்டு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை. கருப்பன் மூன்றாம் நாளே வாலை ஆட்டிவிட்டதால் இத்தனை மாத்திரை எதற்கு என்று என் மனைவி கேட்டார். காய்ச்சல் தணிந்த பிறகும் கிருமி சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீர் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஒழிப்பதற்குத்தான் அந்த மாத்திரை.

குண்டு உப்பலவாடி, கடலூர்:

உங்கள் நாய் பிழைத்தது. என்னுடையது பிழைக்கவில்லை. அதே டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது, வளைகளை இழந்த எலிகளும் பெருச்சாளிகளும் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குள் குடியேறின. நாய் தினம் ஒன்றிரண்டு எலிகளைப் பிடித்து வந்து வாசலில் போடும், நாங்களும் தட்டிக்கொடுப்போம். நாட்டு நாய்க்கு நோய் அண்டாது என்ற நினைப்பு எங்கள் பக்கத்தில் ஊறிப்போன ஒன்று. சிறுநீர் முற்றிலும் நின்ற பிறகுதான் கொண்டுபோனேன். அதற்குள் சிறுநீரகம் செயலிழந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு நாள் அது படுத்திருந்த இடத்தை நான் வெறுங்காலோடு கழுவிவிட்டேன். குதிகால் முழுதும் பித்தவெடிப்பு. அடுத்த வாரம் எனக்கே காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தன. வீட்டு நாய் காமாலையில் இறந்தது என்று நானாகச் சொன்ன பிறகுதான் மருத்துவர் எலிக்காய்ச்சலைச் சந்தேகித்தார். சொல்லியிராவிட்டால் மழைக்காலக் காய்ச்சல் என்றே மாத்திரை வாங்கி வந்திருப்பேன்.

மஞ்சக்குப்பம், கடலூர்:

ஊசி போட்டாயிற்று என்று எலியை மறந்துவிட முடியாது. இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு. தடுப்பூசி அவற்றுள் சிலவற்றுக்கு மட்டுமே அரண். எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் நாயின் சோற்றுத் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் வெளியே இருப்பதில்லை. மிச்சச் சோறுதான் எலிக்கு அழைப்பு. எலி மருந்து வைப்பதில்லை, கூண்டுதான். மருந்து தின்ற எலியை நாய் தின்றால் அது வேறு ஆபத்து. ரெயின்போ நகர் நண்பருக்கு ஒரு கேள்வி: சிகிச்சை நடந்த நாட்களில் வீட்டை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?

ரெயின்போ நகர்வாசி:

ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து, ரப்பர் கையுறையும் காலணியும் அணிந்து கழுவினோம். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் சிறுநீர் முகத்தில் தெறிக்கும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். தோட்டத்தின் வெயில் படும் மூலை ஒன்றுக்கு மட்டும் அவனைக் கயிற்றோடு அழைத்துப்போனோம், ஏனெனில் இந்தக் கிருமி ஈர மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருந்தாலும் காய்ந்த தரையில் தாங்காது. மாத்திரை முடியும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடவில்லை. கருப்பனுக்கு இன்னமும் அந்த மூலைதான் வேண்டும். வேறெங்கும் காலைத் தூக்க மாட்டான்.